இருவருக்கும் ஒத்துப்போன ஹார்ட் டிஸ்க்

வீட்டுப் பெண் மங்கையர்க்கரசியின் கல்யாண வீடியோவை வயிற்றில் சுமந்துகொண்டு ஹார்ட் டிஸ்க் டிவியிடம் போனது. டிவி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரோட பழகின ஆளு நீ. உன் ஃபார்மட் எனக்கு ஒத்துவராது."

ஹார்ட் டிஸ்க்குக்கு மானமே போய்விட்டது. கம்ப்யூட்டரிடம் வந்து முறையிட்டது.

"ஃபார்மட்டை மாத்திக்கிட்டா எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவே தம்பி. ஆனா உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். முதல்ல அதை என்கிட்ட இறக்கி வை."

"அதுக்கெல்லாம் நேரமில்லண்ணே. ஹால்ல உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷன். அவரைக் காக்க வைக்கலாமா?"

அரை நிமிஷத்தில் ஃபார்மட் முடிந்தது. இந்த முறை டிவி வாய் நிறைய வரவேற்றது.

"வாங்க தம்பி, என்ன கொண்டுவந்திருக்கீங்க?"

ஹார்ட் டிஸ்க் தனக்குள் துழாவியது. தாலி கட்டிய நேரமும் இல்லை, பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்த சித்தப்பாவும் இல்லை. நீல விளக்கை மட்டும் சிமிட்டியது.

டிவி பூரித்துப்போய்க் கம்ப்யூட்டரிடம் சொன்னது: "எதைக் கேட்டாலும் கண்ணைச் சிமிட்டுறானே தவிர, சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது. இப்படி ஒரு ஆளைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்."