பெருநாள் உடம்பு

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு புள்ள. நடக்கக்குள்ள கழண்டு கிழண்டு போனா என்ட கதை முடிஞ்சி!"

"மூச்சு விட வேணுமா, வேணாமா? அதச் செல்லுங்க முதல்ல" என்று சிரித்தபடி, முதுகுப் பக்கக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டாள் நஸ்லா.

றமீஸ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பொலிசிடம் பிடிபட்டவன் மாதிரி நின்றான். யூடியூப்பைப் பார்த்து நஸ்லாவே தைத்த பெனியன் அது. போட்ட கையோடு ஆளின் உடம்பையே மாற்றிக் காட்டும். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதத்தில் அதற்குள் இருப்பவன் பாடு அவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

அதற்கு மேல் நீலச் சேட்டை மாட்டிக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தான். கன நாளாகப் போட முடியாமல் அலுமாரியில் கிடந்த சேட், அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. என்றாலும் துணிவு வரவில்லை.

"ஆக்கள் கண்டு புடிச்சிருவாங்க நஸ்லா. சாய்ந்தமருதுல இருந்து மருதமுனை மட்டும் நாறிப் போயிரும்."

"போன பெருநாளைக்கு உங்கட மாமி நாறடிச்சத்த விடவா?"

போன நோன்புப் பெருநாளன்று மருதமுனையில், அவனுடைய உம்மா வீட்டில், வாப்பாவின் தங்கை நாச்சியா மாமி அவனை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அத்தனை சொந்தக்காரருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "இதென்ன மகன் உடம்பு? பொண்டாட்டி வீட்டுல உனக்கு என்னத்தத்தான் திங்கக் குடுக்காங்க?"

ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியிருக்கும் ஊர் இது. மாப்பிள்ளையின் உடம்பைப் பார்த்துத்தான் மாமியார் வீட்டுக்கு மார்க் போடுவார்கள். அன்று நஸ்லாவின் உம்மாவும் அங்கேதான் இருந்தாள். வட்டிலப்பத்தை வாயில் வைக்காமலே எழும்பி வந்தவள், பிறகு சம்பந்தி வீட்டுப் பக்கமே போகவில்லை.

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். "மாமி இன்னொருக்கா வாயத் திறந்தா, நானும் இனி அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டன்" என்று நஸ்லாவும் சொல்லிவிட்டாள். உம்மாவையும் விட முடியாது, பெண்டாட்டியையும் விட முடியாது. பாவம், றமீஸ் என்னதான் செய்வான்?

"முதல்ல சந்திப் பேக்கரிக்குப் போய் பாண் வாங்கிட்டு வாங்க. அங்க தப்பினா எங்கயும் தப்பலாம்."

"நீயும் வாவன்."

"பாண் வாங்க ரெண்டு பேரா? நிமிந்து நடங்க. சும்மா சும்மா வயித்துல கை வைக்காதீங்க."

முற்றத்தில் நஸ்லாவின் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகனை நிமிர்ந்து பார்த்தவளின் முகம் மலர்ந்தது. "இப்பிடியே இருங்க மகன்" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் றமீஸுக்குப் பாதித் துணிவு வந்துவிட்டது.

மீதித் துணிவு சந்தியில் காத்திருந்தது.

"அடேய், றமீஸா இது?" பழைய கூட்டாளி மசூர், பெருநாளைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்தான். றமீஸ் வயிற்றுக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

"ஆளே மாறிட்டாய் மச்சான்! இப்பதான் பாக்க ஒரு மனிசன் மாதிரி இரிக்காய். என்ன செய்தாய்?"

"பெருசா ஒண்டுமில்ல. சாப்பாட்டக் கொஞ்சம் கவனிக்கன்."

"நல்லம், நல்லம். இப்பிடியே கொண்டு போ."

சந்தோசத்தில் பாண் வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான் றமீஸ். நஸ்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும், பெனியனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நஸ்லாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருதமுனைக்குப் போனான். உம்மா வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நடுக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள் நாச்சியா மாமி. அவளைக் கண்டதும் நேற்றுச் சேர்த்த துணிவெல்லாம் வேர்வையோடு வேர்வையாய் வடிந்துபோயிற்று.

குசினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அவனுடைய உம்மா ஆயிஷா. "வாங்க, வாங்க என்ட மகன்!" என்று கட்டிப் பிடித்தாள். பிடித்த கை அவன் இடுப்பில் பட்டதும் அப்படியே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு! றமீஸ் கண்ணை மூடிக்கொண்டான். நஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

உம்மா நாச்சியா பக்கம் திரும்பினாள். குரல் கணீரென்று எழும்பிற்று.

"இஞ்ச பாருங்க மதினி! என்ட மகன் ஈர்க்கில் மாதிரி மெலிஞ்சி போனான், சம்பந்தி வீட்டுல சோறே போடல்ல எண்டு செல்லித் திரிஞ்சீங்களே, இந்த வயிறு அப்ப எங்கால வந்திச்சி?"

நாச்சியா மாமி கதிரையில் நெளிந்தாள். "ஓம் மதினி... மாஷா அல்லாஹ், நல்லாச் சதை போட்டுத்தான் இரிக்கான்."

உம்மா மகனை மறுபடியும் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "சீனி வருத்தத்துக்கு டொக்டர் மெலியச் சொன்னது எனக்குத் தெரியாதா மகன்? உள்ளுக்குப் போய் அந்தப் பஞ்சக் கொஞ்சம் தள்ளி விட்டுட்டு வா, சேட்டுக்கு வெளிய எட்டிப் பாக்குது!"