கேட்டைப் பார்த்தபடி ஒரு பெரியவர்

படம் முடிந்து விளக்கு எரிந்ததுமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணரை மணி நேரமா ஒரு பெரியவர் வாசல்ல உக்காந்து கேட்டையே பாக்குறார். வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து சட்டையைச் சரிபண்றார், மறுபடி உக்கார்றார். இதெல்லாம் ஒரு படமா?" என்று எகிறினார் முன்வரிசை டாக்டர்.

"புரியலைன்னா சும்மா இருங்க. அவர்தான் கடவுள். நாமதான் அவரைப் பாக்கப் போகல," என்றார் பக்கத்திலிருந்த பேராசிரியை.

"கடவுளாவது மண்ணாங்கட்டியாவது! என் ஞாயித்துக்கிழமை போச்சு!" என்றது பின்வரிசை.

டாக்டர் மேடையில் நின்ற என்னைப் பார்த்தார். "டைரக்டர் சார், நடிப்பு மட்டும் பிரமாதம். ஏமாந்துபோன அந்த முகத்தை எப்படி வரவழைச்சீங்க?"

"புது ஆள் சார். சொன்னதை அப்படியே நம்புவார்," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, நாலு மணிக்கு வர்றேன்" என்று போனில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு மாடியில் கேமராவோடு உட்கார்ந்துகொண்டேன்.

அன்று வெளிச்சம் சரியாக அமையவில்லை. அதனால் அடுத்த இரண்டு ஞாயிறும் அதையே சொன்னேன்.

மூன்று ஞாயிறும், நான் வாங்கிக்கொடுத்த அதே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.