ஹெல்வெத்தியா

லிதுகெனா குனிந்து சேற்றை அள்ளி மகளின் முகத்தில் பூசினாள். லட்சணமாக இருந்தால் முதலில் இவளைத்தான் விலைக்குக் கேட்பார்கள்.

போரில் தோற்ற ஹெல்வெத்தியர் கூட்டம் ரோமர் முகாமில் வரிசையாக நின்றது. அவள் புருஷன் தாங்கள் வந்த வண்டிகளுக்கு நடுவே வெட்டுப்பட்டுச் செத்திருந்தான். மிச்சம் இந்த ஆறு வயதுப் பெண் ஒன்றுதான். இவளையும் பிரித்து விற்றுவிட்டால்? மகளைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முன்னால் போனவர்கள் ஆளுக்கொரு தானியப் பையோடு நகர்ந்தார்கள். விற்கும் முன் கொஞ்சம் சதை போட வைப்பார்கள் போலிருக்கிறது.

அவள் முறை வந்தது. ரோம எழுத்தர் கேட்டதைத் துபாஷி அவள் மொழியில் கேட்டான். எந்த ஊர் என்றான்; மலையடிவாரத்து ஏரிக்கரை என்றாள். மகளை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க எத்தனை வீடு நிக்குது?"

"ஒண்ணுமில்லய்யா. எல்லாம் எரிஞ்சு போச்சு."

"யாரு எரிச்சது?"

அவள் தலை குனிந்தாள். "நாங்கதான்."

மேற்கே கடலோரம் நல்ல நிலம் பிடிக்கலாம் என்று கிளம்பியபோது, திரும்பும் எண்ணமே யாருக்கும் வரக் கூடாதென்று தலைவர்கள் இட்ட உத்தரவு அது. மாமனார் மட்டும் வாசற்காலைக் கட்டிக்கொண்டு, இந்த ஒரு வீட்டை விட்டுவிடு, நான் இங்கேயே கிடக்கிறேன் என்று கெஞ்சினார். லிதுகெனாதான் கூரையில் பந்தத்தை வைத்தாள். வழியில் வண்டியிலேயே கிழவர் கண்ணை மூடினார்.

எழுத்தர் மெழுகுப் பலகையில் ஏதோ கீறினார். என்ன எழுதுகிறார் என்று துபாஷியிடம் கேட்டாள்.

"உங்க மண்ணோட பேரை. ஹெல்வெத்தியான்னு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை அவளுக்கு. "நாங்கதான் அதை வுட்டுட்டு வந்துட்டமே. இனி எங்க பேரு எதுக்குய்யா அதுக்கு?"

"ஆளில்லாமக் கிடந்தா வடக்க இருக்கற எதிரி வந்து உக்காந்துக்குவான்னு தளபதி நினைக்கறாரு."

அதற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் விழித்தாள். துபாஷி ஒரு தானியப் பையை அவள் கையில் வைத்தான். பாதி விதைக்கு என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எரிச்சவங்கதானே கட்டணும்? ஊருக்குத் திரும்பிப் போம்மா."