மேசை மேல் இருந்த மைக்

பில் போடும் கணினி காலையிலிருந்தே மக்கர் பண்ணியது. எதைத் தட்டினாலும், டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரே பாட்டு.

பழுது பார்க்க வந்த பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மர மில் முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அந்த மிஷினை யார் தொட்டாலும் அவர் அப்படித்தான் நிற்பார். தன் நிழலே ஆனாலும் நாலடி தள்ளி வரட்டும் என்கிற ஆள்.

அன்றைக்கு மட்டும் அவர் கண் திரையில் இல்லை. வாசலில் இருந்தது.

தம்பி வருகிற நாள்.

மழைக்கு முன்னால் ஒரு பெரிய தேக்குத் தடியை இரண்டு இன்ச் கனத்தில் அறுத்துப் போட்டுவிட்டான் தம்பி. மரம் கேட்டவருக்கு வேண்டியது மூன்று இன்ச். நீதானே ரெண்டு என்றாய் என்றான் தம்பி. மூன்று என்றுதான் சொன்னேன், பொய் சொல்கிறாயா என்றார் அண்ணன். வேலையாட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரம் போனது பெரிதில்லை. அந்தச் சொல் தம்பியின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. சட்டையில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டாமல் வெளியே போனான். சரிபாதிப் பங்காளியாக இருந்தவன் இப்போது வேறொரு மில்லில் கூலிக்கு மரம் அறுக்கிறான்.

அக்காதான் வழி சொன்னாள். "உன் மிஷின்தான் எல்லாத்தையும் ஒட்டுக் கேக்குதே. ரெண்டு பேரும் உக்காந்து போட்டுக் கேளுங்கடா. எவன் மேல தப்போ, அவன் மன்னிப்புக் கேட்டுட்டு வேலையைப் பாருங்க."

அந்தப் பதிவைக் கேட்கத்தான் தம்பி வருவதாக இருந்தது. மிஷின் ஒட்டுக் கேட்பதும் உண்மைதான். வாங்க வருகிறவன் நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது என்று மேசை மேல் மைக் வைத்தவர் முதலாளியேதான். அதை மாட்டிக் கொடுத்தவனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: நடுவில் நிறுத்தக் கூடாது, எல்லாம் ஒரே கோப்பாக இருக்கணும், துண்டு துண்டாக வைத்தால் எவனாவது ஒரு துண்டை உருவிவிடுவான். இப்படி ஒரு கிறுக்கு வேலையை உலகத்தில் யாரும் செய்வதில்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் செய்து கொடுத்தான். பில் போடும் அந்த லினக்ஸ் மிஷினே ராப்பகலாக ஓடிப் பேச்சையும் பதிவு செய்தது. கோப்பும் ராப்பகலாக வீங்கியது.

"ஒண்ணும் புரியலைங்க ஐயா," என்றாள் அந்தப் பெண். "உள்ள இருக்கற கோப்பு எல்லாத்தையும் கூட்டினா கால்வாசி டிஸ்க்குகூட வரல. ஆனா நிரம்பி வழியுதுங்குது."

"மிஷினும் பொய் சொல்லப் பழகிடுச்சா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மேலும் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பிடிச்சுட்டேன். பேச்சுப் பதிவு இருக்கே, அதை யாரோ அழிச்சிருக்காங்க. ஆனா பதிவு பண்ற புரோகிராம் அதை விடல, உடும்புப் பிடியா பிடிச்சு வச்சிருக்கு. பேருதான் போச்சு. சரக்கு அப்படியே உள்ள கிடக்கு."

முதலாளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க ஐயா. இப்பவே வேற டிஸ்க்குல எடுத்து வச்சுக் காப்பாத்திடலாம். புரோகிராமை நிறுத்தினாத்தான் ஒரேயடியா போயிடும். நல்லவேளை, நீங்க எதையும் அணைக்கல."

வெளியே கேட் கிறீச்சிட்டது. தம்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்திட்டு மறுபடி ஓட விடும்மா," என்றார் முதலாளி.

"ஐயா, நிறுத்தினா அது..."

"கேட்டுச்சும்மா. பில்லுக்கு ஆளுங்க காத்துக் கிடக்காங்க. நிறுத்து."

அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். மைக்கின் பச்சை விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த பில்கள் பிரின்டரிலிருந்து மளமளவென்று வெளியே வந்தன.

தம்பி உள்ளே வந்தான். மேசைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. மரம் வாங்க வந்தவன் மாதிரி அந்தப் பக்கமே நின்றான்.

"அதைப் போட வேண்டாம்ணே," என்றான். "வழி பூரா யோசிச்சுக்கிட்டு வந்தேன். நீ மூணுன்னுதான் சொல்லியிருப்பே. என் புத்திதான் எங்கேயோ மேயப் போயிருக்கும். தப்பு என்னுதுதான். மனசுல வச்சுக்காதே."

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுக் கோப்பில் முதன்முதலாக விழுந்த பேச்சு அதுதான்.

முந்தின நாள் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பதிவில் அந்த இடத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதலாளி கேட்ட குரல் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. ரெண்டு இன்ச் போதும், அறுடா. சந்தேகமே இல்லை, அவர் குரல். எதையும் நம்பாத மனிதர் அதையும் நம்பாமல் இரண்டாம் முறை ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம்தான் அந்தப் பதிவை அழித்தார்.

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி நிற்கிறான். மைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலாளி வாயைத் திறந்தார். வேறு ஒன்றுதான் வந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றார்.

அதுவும் பதிவானது.