பாதியில் ஓடியவர்

"உடம்பு மேல அக்கறை இல்லாதவங்களுக்காக நாம எதுக்கு அலையணும், டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் வசுதா கிளம்பினாள்.

"நீ ஸ்ரீபெரும்புதூர்தானே? பென்னலூர் பக்கத்துலதானே இருக்கு. அந்த ஆள் ஏன் நின்னுட்டார்னு மட்டும் கேட்டுட்டு வா. காரணம் எழுதலைன்னா ஆராய்ச்சி அரைகுறையாயிடும்" என்றார் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன்.

அந்த ஆள் பெயர் தணிகாசலம். வாய்ப் புற்று. சென்னையில் வசுதா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார். கதிர்வீச்சுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. முப்பது நாள் வைக்க வேண்டும். பத்தாவது நாளோடு ஆள் மாயம்.

வசுதாவின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. கரண்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அந்த ஆராய்ச்சி. சிகிச்சை தொடங்குமுன் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுப்பாள். சில நாள் கழித்து மறுபடி சுரண்டுவாள். இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள்.

நாற்பது பேரில் தணிகாசலத்துக்குத்தான் இரண்டாவது சுரண்டலில் புற்று செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. "இவர் பிழைச்சுக்குவார்!" என்று டாக்டர் அன்றைக்கு லேபில் இருந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்ட ஆள், தேடி வந்த உயிரை எட்டி உதைத்துவிட்டு ஓடினால் கோபம் வராதா?

பென்னலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். 1991 ஆகஸ்ட். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் புது முகம் யார் வந்தாலும் நாலு கேள்வி கேட்டார்கள். ஆஸ்பத்திரி என்றதும் வழி விட்டார்கள்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி பாஞ்சாலி.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? குடிக்கப் போயிட்டாரா?"

"வூட்லதான் கீறாரு. இன்னாத்தக் குடிக்கிறது? தண்ணி குடிச்சாலே கன்னத்துல ஒழுகுது."

உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் தணிகாசலம். வசுதாவைப் பார்த்ததும் கன்னத்தை மூடியிருந்த துண்டை விலக்கினார்.

கட்டி கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் கரைந்துகொண்டிருந்த அதே கட்டி. இனி கரண்ட் வைத்துப் பிரயோசனம் இல்லை என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"ஏன் பெரியவரே இப்படிப் பண்ணீங்க? பாதியில ஓடி வரலாமா?"

"நானா ஓடியாந்தேன்? நீதானம்மா அனுப்பி வெச்ச" என்றார், மெதுவாக, வாயை ஒரு பக்கமாக இழுத்து.

"நானா?"

"நான் இங்க ஒரகடம் ரோட்டுல, இரும்பு வார்க்குற பவுண்டரில வேல பாத்தேன். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். வார்த்து வர்ற சரக்குல லாட்டுக்கு ஒரு சாம்பிள் எடுப்போம். நல்லா கீதுன்னா அதோட வுட்ருவோம். மறு சாம்பிள் எடுத்தா அது தேறாதுன்னு அர்த்தம். நான் பாத்த வரிக்கும் மறு சாம்பிள் எடுத்த லாட்டு ஒண்ணுகூட வெளிய போனதில்ல. திரும்ப உலைக்குத்தான் போவும்."

வசுதா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒம்பதாம் நாளு நீ மறுபடி வந்து சுரண்டுன. எதுக்கும்மான்னு கேட்டேன். 'பேசாதீங்க, வாயத் தொறங்க'ன்னுட்ட. சரி, நம்ம கத அவ்ளோதான்னு புரிஞ்சிகினேன்."

அவள் அப்படித்தான் சொன்னாள். நாற்பது பேரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

"அப்படியே இருந்தாலும் வைத்தியத்தை விடலாமா?"

"லூர்தம்மான்னு படப்பைக்காரி ஒண்ணு, கைப்புள்ளயோட தெனமும் வந்து நிக்கும். மிசின்ல ஆளு ரொம்பிப்போச்சி, யாராச்சும் நின்னாத்தான் எடம்னு திருப்பித் திருப்பி அனுப்பிகினு இருந்தாங்க. தேறாத சரக்குக்கு எதுக்கும்மா கரண்டு? கிளார்க்காண்ட என் எடத்த அதுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சற்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "அந்தப் பொண்ணு எப்படிக் கீது?"

"நல்லா இருக்காங்க. புண்ணு ஆறிடுச்சு. போன மாசமே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

தணிகாசலம் மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வசுதா எழுந்தாள். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"நாளைக்கு வலிக்கு மருந்து கொண்டாறேன் ஐயா. தினமும் நானே கொண்டாந்து தரேன்."

வாசலில் பாஞ்சாலி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூணு மாசமா இந்த ஆளோட மல்லுக்கட்டிகினு கீறேம்மா. இருந்திருந்தா பொழச்சிருப்பியேன்னு சாப்புடும்போதெல்லாம் திட்டுறேன். நீதான பாத்த, நீயே சொல்லு. ரெண்டாவது வாட்டி சுரண்டுனியே, அதுல இன்னா வந்துச்சு?"

உள்ளே தணிகாசலமும் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அவர் நெனச்சதுதாம்மா வந்துச்சு. அவரைத் திட்டாதீங்க" என்றாள் வசுதா.

நாற்பது பேர் வாயில் சுரண்டியவள், ஒரு நோயாளியிடம் சொன்ன முதல் ரிசல்ட் அது. அதுவும் பொய்.