தொழுவத்துக் கல்

பாலைவனத்து ஆட்டுத் தொழுவத்தின் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய், ராஜா படுக்கும் அறைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

"உனக்கு யோகம்தான். ராஜா வீட்டில் இருந்துகொண்டு எதற்குப் பெருமூச்சு விடுகிறாய்?" என்று கேட்டது பக்கத்திலிருந்த பளிங்குக் கல்.

"இங்கே யாருமே என்மேல் சாய்வதில்லையே! அங்கே பொழுது சாய்ந்தால் ஆடுகள் வந்து முதுகைத் தேய்க்கும். வாசலுக்குக் கதவு கிடையாது. மேய்ப்பனே குறுக்கே படுத்துக்கொள்வான்."

"கதவில்லாததெல்லாம் ஒரு வீடா?" என்று பளிங்கு சிரித்தது.

தொழுவத்துக் கல்லின் விரிசலில் துளியூண்டு ஆட்டுரோமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு போர் வந்தது. ராஜா ஓடிப்போனார். கூரை எரிந்து விழுந்தது. கதவுகளை எதிரிகள் கழற்றிக்கொண்டு போனார்கள். "இனிமேல் இங்கே யார் வரப்போகிறார்கள்?" என்று பளிங்கு அழுதது.

மழை பெய்த ஒரு சாயங்காலம் வெளியே மணிச்சத்தம் கேட்டது. நனைந்த மந்தையை உள்ளே ஓட்டிவிட்டு, ஒரு மேய்ப்பன் கதவில்லாத வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான்.

சினை ஆடு ஒன்று சுவரோரமாக வந்து பளிங்கின்மேல் முதுகைச் சாய்த்தது. பளிங்கு மூச்சுக்கூட விடவில்லை. வெகுநேரம் கழித்து, ஆடு எழுந்துவிடாதபடி மெதுவாகத் தொழுவத்துக் கல்லிடம் கேட்டது:

"விடிந்ததும் இது போய்விடுமா?"