எந்தப் பட்டியில்?

"பெத்துப் பத்து நாள் ஆகல. குழந்தையும் தங்கல. அதுக்குள்ள வேலைக்கு வந்து நிக்கிறாளே, கல்நெஞ்சுக்காரி!"

ஆராய்ச்சிப் பண்ணையின் ஸ்டோர்க்காரம்மா ரகசியம் பேசினாலே நாலு கொட்டகைக்குக் கேட்கும்.

டெக்னீஷியனுக்கும் கேட்டது. திரும்பவில்லை. பெட்டைச் செம்மறி ஆட்டின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஊசியில் ஏற்றிய ஹார்மோன் ரத்தத்தை விட்டு எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்க்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு குழாய். ஒன்று தவறினாலும் அன்றைய பாடு அத்தனையும் வீண்.

"ஏண்டி, ஒரு மாசம் லீவு எடுத்தா குடியா முழுகிடும்?"

"கேட்டிருக்கேன்க்கா. இன்னிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டா, நாளையிலேருந்து வரமாட்டேன்."

குழாயை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு விண்விண்ணென்று தெறித்தது. கோட்டுக்குள் மடித்து வைத்திருந்த துண்டு நனைந்துவிட்டது.

ஸ்டோர்க்காரம்மாவின் குரல் இறங்கியது.

"அடிப் பாவி, இதோடயா நிக்கிறே? கவலைப்படாதே. அவர் தங்கமான மனுஷன். போட்டுடுவார்."

பண்ணைப் பொறுப்பாளரான டாக்டர் வந்தார். கூடவே கொட்டகைக்காரர், ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு.

"சார், இது போன வாரம் ஈன்ற ஆடு. குட்டி செத்துப் பொறந்துடுச்சு. இதை எந்தப் பட்டியில விடறது? சினை ஆட்டுக்கு ஒரு பட்டி, பால் ஆட்டுக்கு ஒரு பட்டி, ரெண்டும் இல்லாததுக்கு ஒரு பட்டி. குட்டிதான் இல்லையே, மூணாவதுல தள்ளிடவா?"

"என்னய்யா பேசறே?" டாக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "குட்டி இல்லேன்னா ஈனவே இல்லேன்னு ஆயிடுமா? குட்டி போனது அதோட ரத்தத்துக்குத் தெரியுமா? ஹார்மோன் அடங்க நாளாகும்யா. மடியைத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப பால் பட்டியிலயே விட்டுடறேன் சார்."

"விடு. மூணு வாரத்துக்கு யாரும் இதுக்கு ஊசி போடக்கூடாது. நல்ல தீவனம் வை. கீழே வைக்கோல் நிறையப் போடு. வாயில்லா ஜீவன். வலிக்குதுன்னு வந்து உன்கிட்ட சொல்லுமா?"

ஸ்டோர்க்காரம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பார்த்தியா? நான் சொல்லல? போய்க் கேளுடி."

டெக்னீஷியன் கையுறையைக் கழற்றினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு.

"சார்... என் லீவு லெட்டர்..."

"பார்த்தேன்மா. திருப்பி அனுப்பிட்டேன்."

ஆட்டின் நெற்றியை வாஞ்சையோடு தடவிக்கொண்டே டாக்டர் கேட்டார்:

"உங்களுக்குத்தான் குழந்தையே இல்லையே, பிரசவ லீவு எதுக்கு?"